நாட்காட்டியை முந்திய குளிர்: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்று நவம்பர்ப் பேரிடர்கள் (1911, 1913, 1940)

ஆய்வுச் சுருக்கம்

குளிர்காலம் தொடங்கும் முன்னரே வடதுருவக் காற்று நாடெங்கும் பரவுவதைப் பருவம் முந்திய குளிர் அலை எனலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1911, 1913, 1940 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் நிகழ்ந்த மூன்று பேரிடர்களை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. இவற்றில் நேர்ந்த உயிரிழப்புக்குக் குளிரின் கடுமை மட்டும் காரணமன்று; வானிலையைக் கண்டறிதல், அறிவித்தல், அறிவிப்பை ஏற்றல் என்னும் தொடரில் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி அறுபட்டதும் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வரலாற்றியல் அணுகுமுறையும் ஒப்பீட்டு அணுகுமுறையும் இதற்குப் பயன்படுத்தப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: குளிர் அலை, வானிலை வரலாறு, பேரிடர், எச்சரிக்கை, பேரேரிகள், நவம்பர்ப் புயல்.

முன்னுரை

பேரிடரை இயற்கையின் செயலாக மட்டும் காணும் போக்கு வரலாற்று எழுத்தில் நெடுங்காலம் நிலவியது. காற்று வீசியது, பனி பொழிந்தது, மக்கள் மாண்டனர் என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினால் போதும் என்பது அதன் இயல்பு. ஆனால் ஒரே அளவுக் குளிர் ஜனவரியில் வரும்போது விளைவிக்காத அழிவை நவம்பரில் விளைவிப்பது ஏன் என்னும் வினாவிற்கு இவ்வெழுத்து முறையில் விடை கிட்டுவதில்லை. மினசோட்டா மாநிலத்தவருக்கு உறைநிலைக்குக் கீழான குளிர் புதியதன்று. எனினும் 1940 நவம்பர் 11 அன்று அம்மாநிலத்தில் மட்டும் 49 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள். அன்று காலை அவர்கள் மெல்லிய உடையில் புறப்பட்டிருந்தனர். அவர்களைக் கொன்றது குளிரா, அறியாமையா, அறிவிக்காமையா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இவ்விடத்தில் தேவைப்படுகிறது. தமிழில் முன்பனி என்பது மார்கழி, தை மாதங்களுக்குரிய பெரும்பொழுதின் பெயர். எனவே காலத்திற்கு முந்தி வரும் குளிரைச் சுட்ட அச்சொல்லை ஆள்வது மயக்கம் தரும். இக்கட்டுரையில் பருவம் முந்திய குளிர் அலை என்னும் தொடரே ஆளப்படுகிறது. அமெரிக்கச் சமவெளி மக்கள் திடீரென வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றை நார்தர் என்பர். அது திசையால் பெற்ற பெயர். வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என வழங்கும் தமிழ் மரபோடு இப்பெயரீடு ஒத்திருக்கிறது.

குளிர் அலையின் இயங்குமுறை

வட அமெரிக்காவின் நில அமைப்பே இக்குளிர் அலைகளுக்கு வழிவகுக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தின் வடக்கே இமயமலை மேற்கு கிழக்காக நின்று நடு ஆசியக் குளிர்காற்றைத் தடுக்கிறது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரோ வடக்குத் தெற்காக நீண்டுள்ளது. அதனால் கனடாவின் வடபகுதிக்கும் மெக்சிகோ வளைகுடாவிற்கும் இடையே காற்றைத் தடுக்கும் குறுக்கு மலை எதுவும் இல்லை. இலையுதிர் காலத்தில் வடதுருவப் பகுதியில் பகற்பொழுது குறையக் குறைய, கனடாவின் வடமேற்கில் கனத்த குளிர்காற்று திரண்டு உயரழுத்தப் பகுதியாகிறது. மேலடுக்கு வேகக்காற்றோட்டம் தெற்கு நோக்கி வளையும்போது அக்குளிர்காற்று சமவெளி வழியே பாய்கிறது.

நவம்பரில் இப்பாய்ச்சல் வேறொரு தன்மையைப் பெறுகிறது. அம்மாதத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரப்பதம் மிக்க வெப்பக்காற்று இன்னும் வடக்கே நெடுந்தொலைவு செல்ல வல்லது. பேரேரிகளின் நீரும் கோடையில் பெற்ற வெப்பத்தை முற்றிலும் இழந்திருப்பதில்லை. எனவே குளிர்காற்றும் வெப்பக்காற்றும் பெரும் வேறுபாட்டோடு மோதுகின்றன. மோதும் எல்லைக்கு முன்னே இடிமழையும் டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றும் தோன்றலாம். எல்லைக்குப் பின்னே பனிப்புயல் வீசலாம். அதன் பின்னர் வானம் தெளிந்த இரவில் தென் மாநிலங்கள் வரை உறைபனி படியலாம். ஒரே நாளில் நாட்டின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வானிலையைக் காண்பதன் காரணம் இதுவே. ஓரிடத்தில் நிற்பவர் தம் ஊரின் வானிலையை மட்டுமே அறிவார். அவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் காண நாடளாவிய ஒரு கண் தேவைப்பட்டது.

தந்தியும் வானிலைப் பணியகமும்

அந்தக் கண்ணைத் தந்தது தந்தி. குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870 பிப்ரவரி 9 அன்று ஒப்பமிட்ட தீர்மானத்தின்படி போர்த்துறையின் கீழ் தேசிய வானிலைப் பணி தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று 24 நிலையங்களில் ஒரே நேரத்தில் வானிலை அளவுகள் எடுக்கப்பட்டுத் தந்தி வழியே அனுப்பப்பட்டன. பேரேரிகளில் ஆண்டுதோறும் நேர்ந்த கப்பல் இழப்புகளைத் தொகுத்துக் காட்டி, இப்பணிக்காக வாதிட்டவர் மில்வாக்கியைச் சேர்ந்த இன்கிரீஸ் லாப்ஹம். அவரே 1870 நவம்பர் 8 அன்று பேரேரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை வெளியிட்டார். ஆகவே அமெரிக்க வானிலைப் பணியின் முதல் எச்சரிக்கையே ஒரு நவம்பர்ப் புயலைப் பற்றியது என்பது கருதத்தக்கது.

1891இல் இப்பணி வேளாண்துறைக்கு மாற்றப்பட்டு வானிலைப் பணியகம் என்னும் பெயர் பெற்றது. குளிர் அலை வருவதை அறிவிக்க, நடுவில் கருஞ்சதுரம் பொறித்த வெள்ளைக் கொடியை ஏற்றும் வழக்கம் இருந்தது. உழவரும் கால்நடை வளர்ப்போரும் அழுகும் பொருள்களை ஏற்றிச் செல்லும் இருப்புப்பாதை நிறுவனத்தாரும் அக்கொடியை எதிர்நோக்கினர். எனவே நாம் ஆராயும் காலத்தில் எச்சரிக்கைக்கான அமைப்பு இல்லாதிருந்தது எனக் கூற இயலாது. அமைப்பு இருந்தும் இழப்பு நேர்ந்ததே இங்கு ஆய்வுக்குரியது.

1911: பெயரிடப்படாத ஆபத்து

1911 நவம்பர் 11, சனிக்கிழமை. நடுமேற்கு மாநிலங்கள் கோடையை ஒத்த வெப்பத்தில் இருந்தன. மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிற்பகல் 3.45 மணி அளவில் வெப்பநிலை 27 டிகிரி செல்சியசு. குளிர்காற்று நுழைந்த கால் மணி நேரத்தில் அது 4 டிகிரியாகியது. நள்ளிரவில் உறைநிலைக்குக் கீழே 11 டிகிரியைத் தொட்டது. கன்சாஸ் நகரில் முற்பகலில் 24 டிகிரியாக இருந்தது, நள்ளிரவில் உறைநிலைக்குக் கீழே 12 டிகிரியாயிற்று. ஓக்லஹோமா நகரில் அந்நாளுக்குரிய மிகுவெப்பப் பதிவும் மிகுகுளிர்ப் பதிவும் அந்த ஒரே நாளில் ஏற்பட்டன. அவை முறையே 28 டிகிரியும் உறைநிலைக்குக் கீழே 8 டிகிரியும் ஆகும். நீல வடகாற்று என்னும் பொருள்படும் பெயரால் அந்நிகழ்ச்சி இன்றும் குறிக்கப்படுகிறது.

இக்குளிர் எல்லைக்கு முன்னே இல்லினாய்ஸ், இந்தியானா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் சுழல்காற்றுகள் தோன்றின. விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில் அருகே வீசிய கடுஞ்சுழல்காற்றில் 9 பேர் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து உறவினரை மீட்டுக்கொண்டிருந்தவர்கள் சற்று நேரத்திற்குள் பனிப்புயலுக்குள் நின்றனர். வீடிழந்தவர்களுக்கு அதே இரவில் கடுங்குளிர் இரண்டாம் பேரிடராயிற்று.

இங்கு அறுபட்ட கண்ணி எது? டொர்னாடோ என்னும் சொல்லை முன்னறிவிப்புகளில் ஆள்வது மக்களிடையே தேவையற்ற அச்சத்தை விளைவிக்கும் என்று கருதப்பட்டது. அதனால் 1880களின் பிற்பகுதி முதல் 1938 வரை அச்சொல் அலுவல்முறை முன்னறிவிப்புகளில் தவிர்க்கப்பட்டது. மேலும் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லை பற்றிய முறையான கோட்பாடும் அப்போது இல்லை. நார்வேயின் பெர்கன் நகர அறிஞர்கள் முதல் உலகப் போரின் இறுதியிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலுமே அதனை வகுத்தனர். போர்முனையைக் குறிக்கும் சொல்லையே அவர்கள் அந்த எல்லைக்குப் பெயராக்கினர். இன்று நாம் குளிர் முகப்பு என்பது அதுவே. ஆக, 1911இல் ஒருபுறம் ஆபத்தின் பெயர் விலக்கப்பட்டிருந்தது. மறுபுறம் அதனை விளக்கும் கருத்தாக்கம் இன்னும் பிறக்கவில்லை.

1913: கண்டும் காணாத கொடி

ஈராண்டுகளுக்குப் பின், 1913 நவம்பர் 7 முதல் 10 வரை பேரேரிகளில் வீசிய புயலில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 12 கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் 8 கப்பல்கள் நவம்பர் 9 அன்று ஹியூரான் ஏரியில் அனைத்து மாலுமிகளோடும் அழிந்தன. காற்று மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டியது. அலைகள் 10 மீட்டருக்கும் மேல் எழுந்தன. கிளீவ்லாந்து நகரில் 56 சென்டிமீட்டர் பனி பொழிந்தது. தொலைபேசிக் கம்பிகளும் மின்கம்பிகளும் அறுந்து நகரம் துண்டிக்கப்பட்டது. அந்நகரில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கும் பணிக்கு இப்பேரிடரே தூண்டுதலாயிற்று.

இம்முறை எச்சரிக்கை வெளியிடப்பட்டது. நவம்பர் 7 அன்று ஏரித் துறைமுகங்களில் புயற்கொடிகள் ஏற்றப்பட்டன. எனினும் கப்பல்கள் புறப்பட்டன. இதற்குப் பொருளியல் காரணம் உண்டு. குளிர்காலத்தில் ஏரிகள் உறைவதால் கப்பற்போக்குவரத்து நின்றுவிடும். அதற்குள் இரும்புத்தாது, நிலக்கரி, தானியம் ஆகியவற்றை ஏற்றி இன்னும் ஒரு பயணம் முடிப்பதே கப்பல் உரிமையாளருக்கும் தலைவர்களுக்கும் ஆதாயம். நவம்பர்க் காற்று வழக்கமானதே என்னும் பட்டறிவும் அவர்களைத் துணிவித்தது. இடையில் காற்று சற்றுத் தணிந்தது அத்துணிவை மிகுவித்தது. சுப்பீரியர் ஏரியின் மார்க்கெட் துறைமுகத்திலிருந்து நவம்பர் 9 அன்று அத்தகைய தணிவில் புறப்பட்ட ஹென்றி பி. ஸ்மித் என்னும் தாதுக் கப்பல் திரும்பவில்லை. அதன் சிதைவு ஒரு நூற்றாண்டுக்குப் பின் 2013இல்தான் கண்டறியப்பட்டது.

எச்சரிக்கையின் தன்மையிலும் குறை இருந்தது. கொடி புயல் வரும் என்று கூறியது. எத்தகைய புயல் என்று கூறவில்லை. தெற்கிலிருந்து வந்த மற்றொரு தாழ்வழுத்தம் துருவக் குளிர்காற்றோடு இணைந்து ஏரிகளின் மேல் வலுப்பெறும் என்பதை அக்கொடியால் உணர்த்த இயலவில்லை. பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்திக் கருவியும் இல்லை. துறைமுகத்தை விட்ட பின் கப்பலுக்குச் செய்தி சென்று சேர வழியில்லை. ஆக, 1913இல் அறிவிப்பு இருந்தது, ஏற்பு இல்லை. ஏற்க விடாத பொருளியல் அமைப்பு இருந்தது.

1940: உறங்கிய அலுவலகம்

1940ஆம் ஆண்டிற்குள் நிலைமை பெரிதும் மாறியிருந்தது. முகப்புக் கோட்பாடு ஏற்கப்பட்டிருந்தது. பலூனில் கட்டி அனுப்பும் வானொலிக் கருவிகளால் மேலடுக்குக் காற்று அளக்கப்பட்டது. வீடுகளில் வானொலி ஒலித்தது. வான்போக்குவரத்தின் தேவையை முன்னிட்டு, அவ்வாண்டு சூன் 30 அன்று வானிலைப் பணியகம் வேளாண்துறையிலிருந்து வணிகத்துறைக்கு மாறியது.

முதல் உலகப் போர் ஓய்ந்த நாளை நினைவுகூரும் நவம்பர் 11, அவ்வாண்டு திங்கட்கிழமையில் வந்தது. அது பொது விடுமுறை நாள். மினசோட்டாவிலும் அண்டை மாநிலங்களிலும் காலை வெப்பநிலை 16 டிகிரி செல்சியசு அளவில் இதமாக இருந்தது. மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் வேட்டைக்காரர் திரளாகச் சென்றனர். அன்று வாத்துகள் முன்பு காணாத அளவில் கூட்டங்கூட்டமாகப் பறந்தன. வேட்டைக்காரர் அதனை நல்வாய்ப்பாகக் கொண்டனர். உண்மையில் அப்பறவைகள் பின்தொடர்ந்து வந்த குளிரிலிருந்து தப்பிச் சென்றுகொண்டிருந்தன. பறவைகள் காட்டிய குறியை மனிதர் தலைகீழாகப் படித்தனர்.

பசிபிக் கடலிலிருந்து வந்து, சமவெளியில் வலுப்பெற்று, கன்சாஸ், அயோவா, விஸ்கான்சின் வழியே வடகிழக்காகச் சென்ற தாழ்வழுத்தம் தன் பின்னே துருவக் காற்றை இழுத்தது. சில மணி நேரத்தில் மழை பனிப்பொழிவாக மாறியது. ஏறத்தாழ 28 டிகிரி செல்சியசு அளவுக்கு வெப்பம் வீழ்ந்தது. மினசோட்டாவின் காலேஜ்வில்லில் 68 சென்டிமீட்டர் பனி பொழிந்தது. நனைந்த உடையோடு தீவுகளில் சிக்கியவர்கள் படகைக் கவிழ்த்து அதனடியில் ஒதுங்கினர். அவர்களில் பலர் இரவைத் தாண்டவில்லை. மிச்சிகன் ஏரியில் வில்லியம் பி. டேவக், அன்னா சி. மின்ச், நோவாடாக் என்னும் மூன்று சரக்குக் கப்பல்கள் அழிந்தன. சிறுபடகுகளையும் சேர்த்து அவ்வேரியில் இறந்தோர் 66 பேர். நாடளவில் உயிரிழப்பு ஏறத்தாழ 150. மறுநாள் வினோனா நகர வானோட்டி மாக்ஸ் கான்ராடு சிறுவிமானத்தில் ஆற்றின் மேல் தாழப் பறந்து, சிக்கியவர்களைத் தேடி உணவும் தீப்பெட்டியும் அடங்கிய தகரப் பெட்டிகளைப் போட்டார். பணியகம் எட்டாத இடத்தைத் தனிமனிதர் ஒருவரின் முயற்சி எட்டியது.

அன்றைய முன்னறிவிப்பு குளிர் மிகுவதைக் கூறியது. அதன் கடுமையைக் கூறவில்லை. மினசோட்டாவிற்குரிய முன்னறிவிப்பு அப்போது சிகாகோ அலுவலகத்தில் உருவாக்கப்பட்டது. அங்கு இரவு முழுதும் பணியாளர் இருக்கவில்லை. புயல் இரவில் வலுப்பெற்றுத் திசை திரும்பியதை உடனுக்குடன் கண்டு திருத்தம் வெளியிட ஆளில்லை. மேலடுக்கை அளக்கும் கருவியும் இல்லந்தோறும் வானொலியும் இருந்தும், இரண்டையும் இணைக்க வேண்டிய மேசை வெறுமையாக இருந்தது. இதன் விளைவாக அலுவலகங்களில் 24 மணி நேரப் பணி விரிவாக்கப்பட்டது. மினசோட்டாவிற்கான முன்னறிவிப்புப் பொறுப்பும் அம்மாநில அலுவலகத்திற்கே வழங்கப்பட்டது.

இப்பேரிடரின் மற்றொரு பாதிப்பு உயிரியல் சார்ந்தது. மரங்கள் இலையுதிர் காலத்தில் படிப்படியாகக் குளிருக்குப் பழகியே குளிர்காலத்தைத் தாங்குகின்றன. 1940இன் இலையுதிர் காலம் இதமாக இருந்ததால் அயோவா மாநில ஆப்பிள் மரங்கள் அப்பழக்கத்தைப் பெறவில்லை. திடீர் உறைவில் அவை பெருமளவில் மடிந்தன. ஆப்பிள் விளைச்சலில் முன்னணியில் இருந்த அம்மாநிலத்தில் அத்தொழில் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. தோட்ட நிலங்கள் பல சோளத்திற்கும் சோயாவுக்கும் மாறின. சனவரியில் அதைவிடக் கடுங்குளிரைத் தாங்கும் மரம் நவம்பரில் மடிந்தது. ஆயத்தமின்மையே அழிவு என்பதற்கு மனிதர் சாராத சான்று இது.

ஒப்பீடும் ஒரு மறுப்பும்

மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்கினால் ஒரு நகர்வு புலனாகிறது. 1911இல் தவறியது ஆபத்தை அறிந்து பெயரிட்டுச் சொல்லுதல். 1913இல் தவறியது சொன்னதை ஏற்றல். 1940இல் தவறியது உரிய நேரத்தில், உரிய இடத்திற்குச் சொல்லுதல். ஒரு கண்ணி சீர்செய்யப்படும்போது வேறொரு கண்ணி வெளிப்பட்டது. அறிவியல் வளர வளர இழப்பு தானே குறையும் என்னும் நேர்கோட்டுப் பார்வையை இது ஐயுறச் செய்கிறது.

இக்கருத்திற்கு ஒரு மறுப்பு எழலாம். 1888 சனவரி 12 அன்று நடுச்சமவெளியில் வீசிய பனிப்புயலில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 235 பேர் இறந்தனர். அது பருவம் முந்தியதன்று, நடுக்குளிர்காலத்தது. எனவே மாதத்தை வைத்து வாதிடுவது பொருந்துமா? அன்றும் காலை இதமாக இருந்தது. பிள்ளைகள் கனத்த மேலங்கியின்றிப் பள்ளிக்குச் சென்றிருந்தனர் என்பதை நோக்க, மறுப்பு கருதுகோளைத் தகர்க்காமல் திருத்துகிறது. ஆபத்தின் ஊற்று மாதமன்று. குளிருக்கு முந்திய ஏமாற்றும் இதம். நவம்பரில் அந்த இதத்தோடு வேறு பலவும் சேர்கின்றன. வெப்பம் தணியாத ஏரிகள், முடியாத கப்பற்பருவம், வேட்டைப் பருவம், பழகாத மரங்கள் என நிலமும் நீரும் வாழ்வும் இன்னும் இலையுதிர் காலத்திலேயே இருக்கின்றன. பருவம் முந்திய குளிர் அலையின் தனித்தன்மை இத்திரட்சியே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, பருவம் முந்திய குளிர் அலை வெப்பநிலை வீழ்ச்சி மட்டுமன்று. நாட்காட்டியை நம்பி அமைத்த வாழ்வுக்கும் நாட்காட்டியை மதிக்காத காற்றுக்கும் இடையிலான முரண். இரண்டாவதாக, அதனை நாடளாவிய ஒரே நிகழ்ச்சியாகக் காணச் செய்தது தந்தி வலைப்பின்னலும் வானிலைப் பணியகமும். மூன்றாவதாக, அவ்வமைப்பு அமைந்த பின்னர் நேர்ந்த மரணங்களை இயற்கையின் கணக்கில் மட்டும் எழுதிவிட இயலாது. அவற்றில் ஒரு பங்கு தவிர்க்கப்பட்ட சொல்லுக்கும், இன்னொரு பங்கு இலாப நோக்கிற்கும், மற்றொரு பங்கு இரவில் மூடிய அலுவலகத்திற்கும் உரியது.

வரலாற்றாய்வாளர் பேரிடர்களை அணுகும்போது காற்றின் வேகத்தோடு அலுவலகத்தின் பணிநேரத்தையும், பனியின் உயரத்தோடு கப்பலின் பயண ஒப்பந்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது. மிசிசிப்பித் தீவுகளில் மாண்டவர்கள் குளிரை அறியாத மக்களல்லர். அன்று குளிர் வரும் என்பதை எவரும் அவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை. இவ்வேறுபாட்டைப் பதிவு செய்வதே பேரிடர் வரலாற்றின் பணி எனலாம்.